முதல் ஓலைக்கு முந்தின நாள்: தடா – சித்தூர் – திருப்பதி

இது ஊர் சுற்றப் போன கதை இல்லை. என் கல்யாணத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஓடிய கதை. போன ஜனவரிக் கடைசிச் சனிக்கிழமை, தடாவிலிருந்து சித்தூர் போய், திருப்பதி வழியாக ஒரே நாளில் திரும்பினேன். பழைய சபைப் பதிவு தேடி அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் கிறிஸ்தவச் சபைகளில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஆராதனையில் மணமக்கள் பெயரை வாசித்து, தடை உண்டா என்று கேட்பார்கள். ஓலை வாசிப்பது என்போம். அதற்கு ஞானஸ்நானச் சான்று வேண்டும். என்னிடம் இல்லை. பிறந்தது சித்தூரில். ஐந்து வயதில் அப்பாவுக்கு மாற்றலாகிச் சென்னைக்கு வந்துவிட்டோம். இப்போது எனக்கு வேலை ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில், அறை பக்கத்திலே ஆந்திர எல்லையில் இருக்கும் தடாவில். வெள்ளிக்கிழமை மாலை சென்னைச் சபை ஐயர் (எங்கள் வழக்கில் போதகர்தான் ஐயர்) போனில் சொல்லிவிட்டார்: "நாளைக்குள்ள சான்று வந்தாத்தாம்மா ஞாயித்துக்கிழமை முதல் ஓலை வாசிக்க முடியும்."

அந்த ஞாயிறு தவறினால் மூன்று ஓலை முடிவதற்குள் லெந்து என்கிற நோன்புக் காலம் வந்துவிடும். அப்புறம் ஈஸ்டர் வரை கோயிலில் கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளை டேனியலுக்கு துபாய் கம்பெனி கொடுத்த லீவு அதுவரை தாங்காது. இரண்டு சம்பந்தம் தட்டிப்போய், என் முப்பத்தாறாவது வயதில் அமைந்தவர். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

காலை 5.15க்கு தடாவில் பஸ். நாயுடுபேட்டையில் இறங்கி, காளஹஸ்தி வழியாகப் போகும் திருப்பதி பஸ்ஸுக்கு மாற வேண்டும். இரண்டும் சேர்த்து சுமார் நூற்றுப்பத்து கிலோமீட்டர். பெண்களுக்கு இப்போது ஆந்திரா பஸ்ஸில் டிக்கெட் இல்லையே என்று கெத்தாக ஆதாரை நீட்டினேன். கண்டக்டர் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதி சென்னை ஆதார் கதம்மா. ஆந்திரா ஆதாருக்குத்தான் ஃப்ரீ. டிக்கெட் எடுக்கணும்." எழுபது ரூபாய். நாயுடுபேட்டையிலிருந்து நூற்றைந்து. எந்த ஊர்க்காரி என்று காட்ட ஒரு காகிதமும் உருப்படியாக இல்லாத பிறவி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

எட்டு மணிக்குத் திருப்பதி. பஸ் நிலையத்தில் எல்லோரும் மலைக்கு வரிசையில் நிற்க, நான் மட்டும் சித்தூர் பஸ்ஸைத் தேடினேன். எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், நூற்றுப் பதினைந்து ரூபாய். சித்தூரில் ஆட்டோக்காரர், "எந்த சர்ச்சும்மா? தமிழா, தெலுகா?" என்றார். இரண்டும் ஒரே கட்டடம்தான், காலை ஆராதனை தமிழ், அடுத்தது தெலுங்கு. சொன்னதும், "அப்போ ஒரே ரேட்டு, அறுபது" என்றார்.

சித்தூர் ஐயர் இளைஞர், பொறுமைசாலி. முன்தினமே போன் செய்திருந்ததால் பதிவேட்டு பீரோவைத் திறந்தே வைத்திருந்தார். நான் பிறந்த வருஷத்துத் தமிழ்ப் பதிவை முதலிலிருந்து கடைசி வரை பார்த்தோம். நான் இல்லை. அடுத்த வருஷத்திலும் இல்லை. போனால் போகிறதென்று தெலுங்குப் பதிவையும் எடுத்து, மங்கிய கையெழுத்தை எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தார். அதிலும் இல்லை. அம்மாவுக்குப் போன் போட்டேன். மனுஷி கொதித்துவிட்டார்.

"இல்லன்னு எப்பிடிச் சொல்றாரு? வெள்ளை கவுனு போட்டு நான்தானே உன்ன கோயிலுக்குத் தூக்கிக்கினு போனேன்! உங்க நைனா பக்கத்துல நின்னாரு. ரோசிக்கா உனக்கு ஞானத்தாய். கேட்டுப் பாரு!"

ஐயர் போனை வாங்கி, "அந்த ரோசியம்மா இருக்காங்களா?" என்று கேட்டார். இருக்கிறார், நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, திருப்பதி கொர்லகுண்டாவில் மகனோடு. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்புவதால் அம்மாவிடம் நம்பர் இருந்தது. ஐயர் என்னிடம், "அவங்களை நேர்ல பாருங்க. அங்கிருந்தே என்கிட்ட பேசச் சொல்லுங்க. சரியா இருந்தா நானே பதிஞ்சு சான்று தரேன். ஆனா சும்மா நம்பிக் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது.

மறுபடி திருப்பதி, மறுபடி நூற்றுப் பதினைந்து. ரோசி ஆன்ட்டி வீட்டுக் கதவைத் தட்டியபோது மூன்றரை இருக்கும். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மொதல்ல துன்னு, அப்புறம் பேசலாம்" என்று தட்டில் சோறும் கோங்குரா பச்சடியும் போட்டார். நான் பாதி சாப்பிடுவதற்குள் வந்த விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ரிஜிஸ்டர்ல எப்பிடி இருக்கும் பாப்பா? உனக்கு கோயில்ல ஞானஸ்நானமே குடுக்கலியே."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். இவ்வளவுதான், கல்யாணம் போச்சு என்று நினைத்தேன்.

அப்புறம் மெதுவாகச் சொன்னார். நான் பிறந்த ரெண்டாம் நாள் மூச்சு நின்று நின்று வந்ததாம். ஆபரேஷன் ஆன அம்மா வேறு வார்டில் மயக்கத்தில். அப்பா ஐயரைத் தேடி ஓடினார்; ஐயர் ஏதோ கிராமத்துக்குப் போயிருந்தார். பிள்ளை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டியூட்டியில் இருந்த ரோசி ஆன்ட்டியே ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து எனக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார். சாகக் கிடக்கும் குழந்தைக்கு, ஐயர் இல்லாத இடத்தில், விசுவாசி யாரும் கொடுக்கலாம் என்பது எங்கள் சபை வழக்கம். ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான், இரண்டாம் தடவை கிடையாது. அதனால் பிற்பாடு வெள்ளை கவுனில் கோயிலுக்குப் போனபோது ஐயர் ஜெபம் செய்து என்னைச் சபையில் சேர்த்துக்கொண்டாரே ஒழிய, தண்ணீர் ஊற்றவில்லை. அம்மா அதையே ஞானஸ்நானம் என்று நினைத்துக்கொண்டார்.

"ரிஜிஸ்டர்ல ஏத்தறதுக்கு எழுதிக் குடுன்னு அப்போ இருந்த அய்யரு சொன்னாரு. அதுக்குள்ள எனக்கு ட்ரான்ஸ்பர். உங்க நைனா வேற, 'அவளுக்குச் சொல்லாதம்மா, புள்ள சாவக் கெடந்துச்சுன்னு கேட்டா பயந்துடுவா'ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. அப்பிடியே வுட்டுட்டேன்."

சித்தூர் ஐயரை வீடியோ காலில் பிடித்தோம். ரெண்டே கேள்விதான் கேட்டார். "தண்ணீர்லதானம்மா குடுத்தீங்க?"

"அவுனு அய்யா. தண்ணி இல்லாம பெட்ரோலா ஊத்துவாங்க?"

"பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு மூணும் சொன்னீங்களா?"

"மூணும் சொன்னேன். அழுதுக்கினேதான் சொன்னேன்."

ஐயர் சிரித்தேவிட்டார். ஆன்ட்டி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட, அதைப் படம் எடுத்து அனுப்பினேன். ஐந்தேகாலுக்குச் சான்று என் போனிலும் சென்னை ஐயர் போனிலும் வந்து விழுந்தது. அசல் கூரியரில் வரும் என்றார். மார்மேல் யாரோ ஏற்றி வைத்திருந்த கல்லை இறக்கினாற்போல் இருந்தது. வெட்கமே இல்லாமல் அழுதேன். ஆன்ட்டி மீதிச் சோற்றைத் துன்னச் சொன்னார்.

அம்மாவிடம் சொல்ல எனக்குப் பயம். சொன்னதும் இரண்டு தடவை திரும்பக் கேட்டுக்கொண்டார். பிறகு, "சாவுற வரைக்கும் வாயத் தெறக்கல பாரு அந்த மனுசன்" என்றார். திட்டுகிற குரல்தான், ஆனால் உடைந்திருந்தது. "ரோசிக்காகிட்ட குடு" என்று வாங்கி, இருவரும் அரை மணி நேரம் பேசினார்கள். அப்புறம் வந்த வழியே பஸ் பிடித்து ராத்திரி தடா திரும்பினேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. முன்கூட்டியே போன் செய்துவிட்டுப் போங்கள். ஐயர் கிராமத்து ஆராதனைக்குப் போயிருந்தால் பீரோ திறக்காது. தமிழ், தெலுங்கு இரண்டு பதிவையும் பார்க்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை திருப்பதி பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு, நாயுடுபேட்டையிலேயே முண்டியடித்து ஏறுங்கள். முக்கியமாக, பதிவில் பெயர் இல்லை என்றதும் வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். உங்களைக் கையில் ஏந்தியவர்கள் யாராவது இன்னும் இருப்பார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு, எழுதி வாங்கிவிடுங்கள்.

மறுநாள் சென்னையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஐயர் எங்கள் பெயரை வாசித்து, "இது முதலாம் ஓலை. தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம்" என்று நிமிர்ந்து பார்த்தார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மெல்லத் திரும்பிப் பின்வரிசைகளை ஒரு முறை நோட்டம் விட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.