அக்காவுக்குத் தெரியாத முகம்

முட்டுக்காடு பஸ் நிறுத்தத்தில் நான் சிரித்தும், அக்கா என்னைக் கண்டுகொள்ளாமல் போனாள். அந்தக் கோபத்தில் ஆறு மாதம் அவளோடு நான் பேசவில்லை. கண் சரியில்லை என்று அவளே கூப்பிட்டதால்தான் செங்கல்பட்டு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன்.

“தம்பி முகம் தெரியுதாம்மா?” என்று மருத்துவர் கேட்டார்.

“மூஞ்சி இருக்கற எடத்துல கருப்பா கீது. ஆறேழு மாசமா யார் மூஞ்சியும் தெர்ல.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “ஏங்க்கா சொல்லல?”

“நீதான் பேச்சையே நிறுத்திட்டியேடா.”

விழித்திரையின் நடுப்பகுதி போய்விட்டது, ஓரம் மிச்சமிருக்கிறது என்றார் மருத்துவர். அக்காவுக்கு எந்தப் பக்கம் தெளிவாகத் தெரிகிறது என்று சோதித்து, நேராகப் பார்க்காமல் பார்வையைச் சற்று விலக்கி அந்த ஓரத்தால் பார்க்கப் பழக்கினார்.

மூன்றாவது வாரம் அக்கா என் தலைக்கு மேலிருந்த சுவரைப் பார்த்தபடி, “மீசை நரைச்சிட்ச்சேடா” என்றாள். அவள் பார்ப்பது என்னைத்தான் என்று புரிய எனக்குச் சற்று நேரமானது.