கண்ணுக்குத் தெரியாத வெளிச்சமும் எங்கள் வாசல் பைப்பும்

முதலில் ஒரு திருத்தம். நான் கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை!

வாசல் பைப்பை மூடிவிட்டு நான் மட்டும் கேன் தண்ணீர் குடிப்பதாக, வாடிப்பட்டியில் எங்கள் தெரு முழுக்கப் பேச்சு.

வீட்டில் போர்வெல் போட்டபோதே என் கணவர் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே, தெருவுக்கென்று ஒரு பைப் வைத்தார். அவர் காலமான பிறகும் நான் அதை மூடியதில்லை. போன வாரம் வரை.

நடந்தது இதுதான்.

என் வீட்டு மாடியில் குடியிருக்கும் செல்வி, பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். தண்ணீரில் பூச்சிமருந்து கலந்திருந்தால் காட்டிக்கொடுக்கும் சென்சாராம்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மல்லிகைத் தோட்டம். ஓயாமல் மருந்து அடிக்கிறார்கள். அதனால் என் போர் தண்ணீரையும் பார்த்துச் சொல்லச் சொன்னேன்.

பித்தளைச் சொம்பைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து, தண்ணீர் பிடித்து, நானே அவளோடு போனேன். (கல்லூரிக்குப் போகிற தண்ணீர் அழுக்குப் பாத்திரத்திலா போகும்?)

ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைக் காட்டினாள்.

"இதுல கார்பன் நானோ டியூப் இருக்கும்மா. ஒரு தலைமுடியப் பல்லாயிரமாக் கிழிச்சா எம்புட்டு மெல்லிசோ, அம்புட்டு மெல்லிசான குழாய். மேல ஒரு பூச்சு குடுத்திருக்கோம். லேசர் அடிச்சா வெளிச்சம் விடும். மருந்து வந்து ஒட்டுச்சுன்னா அந்த வெளிச்சம் மங்கும்."

"எங்கடி வெளிச்சம்?"

"நம்ம கண்ணுக்குத் தெரியாதும்மா. இந்தக் கேமராவுக்குத்தான் தெரியும்."

(கண்புரை ஆபரேஷனுக்கு அவ்வளவு செலவழித்தது வீண்!)

என் சொம்புத் தண்ணீரை அந்தக் குப்பியில் இரண்டு சொட்டு விட்டாள். கம்ப்யூட்டரில் மலைபோல் நின்ற கோடு சரிந்தது.

"மங்குதும்மா."

"அப்ப மருந்து இருக்கா?"

"ஏதோ ஒண்ணு ஒட்டியிருக்கு."

"ஏதோன்னா என்னது?"

"அதத்தாம்மா பாக்கணும்."

அன்று மாலையே வாசல் பைப்பை மூடினேன். எதிர்வீட்டுப் பாண்டியம்மாள் காலிக் குடத்தோடு வந்தாள்.

"என்னம்மா, பைப்ப மூடிட்டீக?"

"தண்ணியில மருந்து இருக்குமோன்னு சந்தேகம். வெளிச்சம் மங்கிருச்சு."

"எந்த வெளிச்சம்?"

"கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆத்தாடி! குடுக்க மனசில்லைன்னா இல்லைன்னு சொல்லிட்டுப் போங்க. அதுக்கு எதுக்குக் காணாத வெளிச்சத்தையெல்லாம் சாட்சிக்குக் கூப்பிடுறீக?"

முட்டிவலிக்காரி. இப்போது தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டிவரை நடக்கிறாள். நான் ஜன்னலில் நின்று பார்க்கிறேன்.

நேற்று செல்வி திடீரென்று கேட்டாள். "அம்மா, அந்தச் சொம்ப எதப் போட்டு வெளக்குனீங்க?"

"புளி போட்டு. ஏன், பளபளன்னு இல்லையா?"

தலையில் கை வைத்துக்கொண்டாள். "புளிப்பு ஒட்டியிருந்தாலே வெளிச்சம் மங்கலாம்மா! பித்தளையில இருந்து செம்பு வேற கரைஞ்சிருக்கும்."

(சுத்தமாக இருந்தது என் குற்றம்!)

கல்லூரியிலிருந்து அவளே கண்ணாடிப் பாட்டில் கொண்டுவந்து, தண்ணீர் பிடித்துப் போனாள். இன்று மாலை வந்தாள். மங்கவில்லையாம்!

"அப்ப பைப்பைத் திறக்கட்டுமா?"

"நாங்க தேடுற அந்த ஒரு மருந்து இல்லைன்னுதான் தோணுதும்மா. வேற மருந்து இருந்தா இதுக்குத் தெரியாது."

"தோணுதா? எழுதிக் குடு."

"ஐயோ அம்மா, இது இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. இத வச்சு எழுதியெல்லாம் குடுக்க முடியாது."

மங்கினால் மருந்து இருக்கிறது என்று பொருளில்லை. மங்காவிட்டால் இல்லை என்றும் பொருளில்லை. செல்வி பொய் சொல்கிறவள் அல்ல. ஆனால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை!

கேன் தண்ணீர்க் கதை பரப்புகிறவர்களுக்கு ஒன்று. அந்த போர் தண்ணீரைத்தான் நான் இன்றும் குடிக்கிறேன். காலையில் காபி போட்டதும் அதில்தான். என் வயிற்றுக்கு நான் முடிவு செய்துகொள்வேன். பாண்டியம்மாள் வீட்டுப் பிள்ளைகளின் வயிற்றுக்கு நான் எப்படி முடிவு செய்வது?

எல்லா மருந்துகளுக்கும் சேர்த்துச் சோதிக்கும் இடம் எது? எந்தப் பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுபோக வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

போன் வேண்டாம், வாய்ஸ் மெசேஜும் வேண்டாம். பாண்டியம்மாளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். உங்கள் பெயர் போட்டு, எழுத்தில் பதில் தாருங்கள்.