சூரியன் மறையாத ஊர்

1978 ஜனவரி 20, வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி. கல்லூரி விடுதிக்கு அருகே ஆலைச் சங்கு ஊதியது. விருத்தாசலத்தில் அப்பா வேலைபார்த்த பீங்கான் சூளையின் சங்கும் இப்படித்தான் ஒலிக்கும்.

அப்பா அங்கே வேலைபார்த்தபோது எனக்கு ஒன்பது வயது. வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததும் ஓய்வுநாள் தொடங்கிவிடும், சனிக்கிழமை சூரியன் மறையும்வரை துணி துவைப்பதும் பாவம் என்றார் நார்வேயிலிருந்து வந்த எங்கள் சபைப் போதகர்.

"சூள எரியுதுங்கய்யா, பாதியில எப்பிடி வுட்டுட்டு வர்றது?" என்றார் அப்பா. ஆனாலும் விட்டுவிட்டு வந்தார். வேலை போயிற்று.

அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் மோர் குடித்தபடி, தம் ஊரில் கோடையில் சூரியன் மறைவதேயில்லை என்றார் போதகர்.

"அப்ப ஓய்வுநாளு எப்பங்கய்யா தொடங்கும்?" என்றாள் அம்மா.

"நாங்களே ஒரு நேரம் பேசி வைத்துக்கொள்வோம்" என்று சிரித்தார். மரியாதைக்காக அப்பாவும் சிரித்தார்.

சங்கு கேட்ட மறுநாள், சனிக்கிழமை காலை, விடுதிக் கல்லில் துணி துவைத்தேன்.