எல்ஸி மேல் விழுந்த வைரஸ்

எல்ஸிக்குக் கோபம் சீக்கிரம் வராது. வந்தால் லேசில் போகாது. சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவரின் மகள். கல்யாணமாகி ஈப்போ பக்கத்துக் குனோங் ராபாட்டுக்கு வந்து, கிறிஸ்தவ சபை நடத்தும் பாலர் பள்ளியில் கணக்கெழுதும் கிராணியாக உட்கார்ந்தவள்.

அந்த வேலையை ஒரு வைரஸ் தின்றது. ஒரு திங்கட்கிழமை கம்ப்யூட்டரைத் திறந்தால், பிள்ளைகளின் படங்கள், பதிவுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. பணம் அனுப்பினால் திறந்துவிடுவோம் என்று திரையில் மிரட்டல். அந்தக் கம்ப்யூட்டரைப் போட்டுக் கொடுத்தவன் கால்வின். சபைப் பொருளாளர் பெரியநாயகத்தின் மகன், ஈப்போவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"ஆன்டி கண்ட கண்ட வெப்சைட்டுக்குப் போயிருக்காங்க லா."

அடுத்த ஞாயிறு ஆராதனையில் பெரியநாயகம் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இணையத்தில் வழிதவறிய எங்கள் சகோதரி எல்ஸியை மன்னியும் ஆண்டவரே" என்று உருக்கமாக ஜெபித்தார். சபை முழுக்க ஆமென் சொன்னது. ஜெபத்தை எதிர்த்து எவளால் வாய் திறக்க முடியும்? செருப்பால் அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும். அவள் என்ன படம் பார்த்திருப்பாள் என்று பெண்கள் குசுகுசுவென்று பேசிச் சிரித்தார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வேலை போனது, போகட்டும். பேர் போனதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பிறகு பத்து காஜா என்ற ஊரில் சரளாவின் அச்சுக்கடையில் வேலை கிடைத்தது. அங்கே எல்லாக் கம்ப்யூட்டரிலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற ஓப்பன் சோர்ஸ். சூடு பட்ட எல்ஸி முதல் நாளே கேட்டாள்: "ஓப்பன் சோர்ஸ்னா எல்லாருக்கும் தெறந்துல்ல கெடக்கும்? திருடனும் பாப்பானே?"

"பாக்கட்டுமே அக்கா, நல்லவனும் பாக்குறான்ல?" என்றாள் சரளா. "ஓட்டை இருந்தா யாராச்சும் கண்டுபுடிச்சு அடைச்சு, அப்டேட்டு அனுப்புவாங்க. விண்டோஸ்னா அந்தக் கம்பெனிக்காரனே அடைச்சு அனுப்புவான். ரெண்டுலயும் நாம அப்டேட்டு போடணும். போடலன்னா எதுவும் காப்பாத்தாது."

எல்ஸிக்குச் சுரீரென்றது. பாலர் பள்ளிக் கம்ப்யூட்டர் ஒருநாளும் அப்டேட் கேட்டதில்லை. ஏன் என்று கேட்டபோது, "அதத் தொடாதீங்க ஆன்டி" என்று கால்வின் அதட்டியிருக்கிறான்.

"அப்டேட்ட எவன்மா நிறுத்தி வைப்பான்?"

"கள்ளக் காப்பி போட்டவன்தான். அப்டேட்டு உள்ள வந்தா குட்டு ஒடைஞ்சிருமோன்னு பயம்."

படுபாவி! அன்றிலிருந்து எல்ஸி காத்திருந்தாள். சபையை விட்டு அவள் விலகவில்லை. ஞாயிறுதோறும் அப்பனும் மகனும் பாடுவதைப் பார்த்துக்கொண்டே வயிறெரிந்தாள்.

சபையின் ஆண்டுக் கூட்டம் வந்தது. பாலர் பள்ளிக்குப் புதிய கம்ப்யூட்டர்கள் வாங்க வேண்டும். கால்வின் மாதிரிக்கு ஒன்றைக் கொண்டுவந்து பெரிய திரையில் காட்டினான். லினக்ஸ் போட்டால் என்ன என்று யாரோ கேட்டார்கள்.

"அது கதவே இல்லாத வீடு லா. நம்மது பூட்டுன வீடு," என்றான்.

எல்ஸி எழுந்தாள். "தம்பி, அப்டேட்ட அமுக்கிக் காட்டு."

"லைன் ஸ்லோ ஆன்டி."

"என் போன்ல லைன் இருக்கு, எடுத்துக்க."

"ரொம்ப நேரம் புடிக்கும்."

"புடிக்கட்டும். சாப்பாட்டுக்கு மீகூன் இன்னும் பெரட்டி முடிக்கல."

கூட்டம் சிரித்தது. வேறு வழியில்லாமல் திறந்தான். அப்டேட் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது.

"ஏன் நிறுத்தி வச்ச? இப்பப் போடு." அவன் கை நகரவில்லை. "கள்ளக் காப்பி, அதான? பாலர் பள்ளியிலயும் இதத்தான போட்ட? ஓட்டைய அடைக்க விடாதவன் நீ, கெட்ட பேரு எனக்கா?"

அவன் முகம் வெளுக்க வெளுக்க எல்ஸிக்கு நாக்கில் தித்தித்தது.

பெரியநாயகம் பதறி எழுந்தார். "பையன் தெரியாம செஞ்சிட்டான்மா. மன்னிக்கிறதுதான நமக்கு அழகு."

கால்வினுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டது. "நான் மட்டுமாப்பா? ஒரிஜினல் எதுக்குடான்னு கேட்டது நீங்கதான? வைரஸ் எப்படி வந்துச்சுன்னு அன்னிக்கே உங்ககிட்ட சொன்னேன்ல!"

அப்படியானால், தெரிந்தே ஜெபித்திருக்கிறார் மனுசன். மகன் மேல் இருந்த கோபமெல்லாம் அப்பன் மேல் பாய்ந்தது. எல்ஸி மைக்கை எடுத்துப்போய் அவர் கையில் திணித்தாள்.

"ஆண்டவர்கிட்ட அப்புறம் பேசிக்கலாம்ணே. மொதல்ல இவங்ககிட்ட சொல்லுங்க."

பெரியநாயகம் மைக்கைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். ஐயோ பாவம் என்று அவளுக்குத் துளிகூடத் தோன்றவில்லை.

"எல்ஸி... ஒரு தப்பும் பண்ணல," என்றார் தரையைப் பார்த்து.

"இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே," என்றாள் எல்ஸி. "கடைசி வரிசைக்குக் கேக்கல."