எழுபது இல்லை, அறுபது

டெப்போவில் அந்த ஓட்டுநரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘கணக்கு’ என்றால்தான் தெரியும். யார் எது வாங்கப் போனாலும் முதலில் அவரிடம் வந்து நிற்பார்கள்.

“அண்ணே, நாலாயிரத்து ஐந்நூறுல முப்பது சதவீதம் போனா?”

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொல்வார்: “பத்துக்கு நானூத்தம்பது. மூணு தடவை கழி. மூவாயிரத்து நூத்தம்பதுக்கு மேல ஒத்தப் பைசா குடுக்காத.”

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவருக்கு அந்தப் பட்டப்பெயரில் உள்ளூர ஒரு பெருமை.

அவர் மனைவி பாத்ரூமில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள். கட்டுப் பிரித்ததும், மெத்தென்ற ஷூ போட்டு நடக்கச் சொன்னார் டாக்டர். ஷூ கடை வாசலில் ஆள் உயரப் பலகை: 50% + 20% தள்ளுபடி. அவளுக்குப் பிடித்த ஜோடியின் விலை இரண்டாயிரம்.

“எழுபது போச்சு. அறுநூறுதான், எடு,” என்றார்.

பில்லில் எண்ணூறு என்று வந்தது.

“என்னம்மா, ஊரை ஏமாத்துறீங்களா?”

கல்லாவில் இருந்த பெண் நிதானமாகச் சொன்னாள். “முதல்ல பாதி போயிடும் சார். மீதி ஆயிரம். அந்த ஆயிரத்துலதான் இருபது சதவீதம். இருநூறு.”

அந்த நொடியே அவருக்குப் புரிந்துவிட்டது. வாய்தான் நிற்கவில்லை. “அப்ப எதுக்குப் பக்கத்துல பக்கத்துல எழுதி வைக்கிறீங்க? மேனேஜரக் கூப்பிடு!”

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். திரும்பினால், தினமும் அவர் வண்டியில் வரும் கண்டக்டர்.

“என்னங்க, கால் நோவுது. போலாம்,” என்று மனைவி பணத்தை நீட்டினாள். கால் நோகவில்லை என்பது அவருக்குத் தெரியும். வீட்டுப் பூட்டைத் திறக்கும்போதுதான் அவள் வாய் திறந்தாள்: “அந்தப் பொண்ணப் போய் ஏமாத்துறதா சொல்லிட்டீங்களே.”

மறுநாள் டெப்போவே கைகொட்டிச் சிரிக்கும் என்று பயந்துகொண்டே போனார். கண்டக்டர் யாரிடமும் மூச்சு விட்டிருக்கவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது. குக்கர் விலை கேட்டு மெக்கானிக் வந்தபோது அவரே போட்டு உடைத்தார். “என்னை நம்பாதப்பா. நேத்து ஐம்பதையும் இருபதையும் கூட்டி மானம் போச்சு.”

“ஏன்ணே, கூட்டக் கூடாதா?” என்றார் மெக்கானிக். பக்கத்தில் நின்ற கண்டக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ‘கணக்கு’க்கும்தான்.

வேலை முடிந்ததும் நேரே ஷூ கடைக்குப் போனார். “நேத்து கத்தினேனேம்மா, மனசுல வச்சுக்காத.”

கல்லாப் பெண் அவரை உற்றுப் பார்த்தாள். “நேத்து நிறையப் பேர் கத்தினாங்க சார். நீங்க யாருன்னு ஞாபகம் இல்ல.”

அவர் வாசல் பலகையைக் காட்டினார். “அறுபதுன்னே எழுதி வச்சிடலாமேம்மா,” என்றார்.

“நானும் சொல்லிப் பார்த்துட்டேன் சார். அறுபதுன்னா யாரும் உள்ள வர மாட்டாங்களாம்.”

அதற்குள் பின்னால் ஒருத்தர் பில்லை ஆட்டிக்கொண்டு, “என்னம்மா இது?” என்று ஆரம்பித்தார். ஓட்டுநர் கிளம்பவில்லை. “இப்படி வாங்க தம்பி, நான் சொல்றேன்,” என்று அந்த ஆளைத் தோளில் கை போட்டுத் தள்ளிக்கொண்டு போனார்.