பேரிடர் பெட்டியில் செட்டியார் பொம்மை

சில வருடங்களுக்கு முன்பு, நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஒரு கோடை மாதத்தில் நடந்தது இது. ரானுயி என்ற புறநகரைத் தாண்டி மேற்கே, மலையடிவாரத்தில் நாங்கள் வீடு வாங்கிப் போயிருந்தோம். பச்சைப் பசேலென்று இருக்கும். ஆனால் கவுன்சில், அதாவது நகராட்சி, குழாய் கிடையாது. கூரையில் விழும் மழைத் தண்ணீர் மண்ணுக்குள் புதைத்த தொட்டியில் சேரும். மோட்டார் ஓடினால்தான் அது வீட்டுக்குள் வரும்.

என் கணவர் கம்ப்யூட்டர்காரர், எல்லாவற்றுக்கும் ஒரு திட்டம் வைத்திருப்பார். வெள்ளம், மண்சரிவு வந்தால் மூன்று நாள் தாக்குப்பிடிக்க ஒவ்வொரு வீட்டிலும் பொருள் இருக்க வேண்டும் என்று கவுன்சில் நோட்டீஸ் வந்ததும், மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்கினார். டார்ச், பேட்டரி, சின்ன கேஸ் அடுப்பு, தண்ணீர் பாட்டில்கள் என்று அடுக்கி கராஜில் வைத்து, 'பேரிடர் பெட்டி' என்று பெயரும் சூட்டினார்.

அந்தப் பெட்டியைக் காலி பண்ணியது நான்தான். நவராத்திரிக்கு ஒன்பது படி கொலு வைத்தேன். கொலுவில் வைத்த பார்க்கின் விளக்குகளுக்கு பேட்டரி போதவில்லை, டார்ச்சோடு சேர்த்து அதிலிருந்து எடுத்தேன். கொலு பார்க்க வந்தவர்களுக்குத் தண்ணீர் பாட்டில்களைக் கொடுத்தேன். கேஸ் அடுப்பு கோயிலில் சுண்டல் தாளிக்கப் போனது, திரும்பி வரவேயில்லை. வாங்கி வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கொலு முடிந்ததும் பொம்மைகளை எடுத்து வைக்க நல்ல உறுதியான பெட்டி தேவைப்பட்டது. வேறென்ன, அதிலேயே அடுக்கிவிட்டேன்.

கோடையில் ஒருநாள், புயல் வருகிறது என்று எல்லோர் ஃபோனும் சேர்ந்து அலறியது. "நமக்கென்ன, பெட்டி இருக்கு" என்றார் கணவர். உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. குற்ற உணர்ச்சியில், பரணில் கிடந்த என் சீர்ப் பாத்திரங்களை எல்லாம் இறக்கினேன். ஆறு எவர்சில்வர் குடம், இரண்டு பித்தளை அண்டா. கல்யாணத்துக்கு அம்மா கொடுத்தது. "ஆக்லாந்துல குடம் எதுக்கு?" என்று கப்பலில் ஏற்றும்போதே எங்களுக்குள் பெரிய சண்டை. அவற்றைத் தேய்த்துக் கழுவி, குக்கர், இட்லிப் பானை, வாளி எல்லாவற்றையும் சேர்த்துத் தளும்பத் தளும்ப நிரப்பினேன்.

"கொட்டுற மழையில தண்ணி புடிச்சு வைக்கிறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்று சிரித்தார்.

அவர் சிரிக்கட்டும். நான் சென்னைக்காரி. பன்னிரண்டு வயதில் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்று, இடுப்பில் குடம் தூக்கி, மூன்று மாடி ஏறியவள். பள்ளித் தோழிகள் பார்த்துவிடுவார்களோ என்று தலையைக் குனிந்துகொண்டே நடப்பேன். வெளிநாடு வந்ததே இனிக் குடம் தூக்கக் கூடாது என்றுதான் என்று வேடிக்கையாகச் சொல்வேன். அதில் பாதி உண்மை.

புயல் வந்துபோன மறுநாள் காலை நல்ல வெயில். கரண்ட் இல்லை. மேலே மண் சரிந்து சாலையை மூடியிருந்தது. ஓடை பொங்கி, தொட்டிக்குள் சேற்றுத் தண்ணீர் புகுந்துவிட்டது. கணவர் கம்பீரமாகப் போய்ப் பேரிடர் பெட்டியைத் திறந்தார். டார்ச் இருக்க வேண்டிய இடத்தில் செட்டியார் பொம்மை, தராசும் தொப்பையுமாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதன் கீழே தசாவதாரம்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

அந்த நேரத்தில்தான் பக்கத்து நிலத்துக்காரத் தம்பி முழங்கால் வரை சேறோடு வந்து நின்றான். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஆறு வாரத்துக்கு முன்புதான் அவர்களுக்குக் குழந்தை பிறந்திருந்தது.

"அக்கா, குடிக்கிற தண்ணி ஏதும் இருக்கோ? எங்கட டாங்க்கும் சேறாப் போச்சு. பிள்ளைக்குப் புட்டிப்பால் கரைக்க ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. விடிய இருந்து அழுதுகொண்டே இருக்கிறாள்." மனைவிக்கு சிசேரியன், சேற்றில் நடத்திக் கூட்டிவர முடியாது.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சைவ வீட்டுக்கு எதற்கு என்று நான் வாய் ஓயாமல் திட்டிய, கணவர் வாங்கிய பார்பிக்யூ அடுப்பில்தான் அன்று அண்டாவை ஏற்றினோம். தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

கொண்டுபோவதுதான் பெரும்பாடு. நடுவே புல்வெளி முழுக்க வழுக்கும் களிமண், இரண்டு கம்பி வேலி. என் கணவர் வாளியைத் தூக்கிக்கொண்டு வீரமாக முதலில் கிளம்பினார். இருபதடி போவதற்குள் சறுக்கி விழுந்தார். அத்தனை தண்ணீரும் புல்லுக்குப் போனது. பின்னால் போன தம்பியின் வாளியில் முதல் வேலியிலேயே பாதி சிந்திவிட்டது.

நான் துப்பட்டாவை இறுக்கிக் கட்டினேன். கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றியிருந்த குடத்தை இடுப்பில் ஏற்றி, கழுத்தைக் கையால் வளைத்துப் பிடித்தேன். முப்பது வருடமாக மறந்த வேலை, ஆனால் இடுப்பு மறக்கவில்லை. ரப்பர் பூட்ஸோடு ஒவ்வோர் அடியாகக் காலை ஊன்றி நடந்தேன். குடத்தின் வாய் குறுகல், அதனால் தளும்பினாலும் சிந்தாது. வேலியில் தம்பி வாங்கிக் கொடுக்க, மறுபடி ஏற்றிக்கொண்டேன். மேட்டில் நின்ற நாலைந்து மாடுகள் மேய்வதை விட்டுவிட்டு என்னையே பார்த்தன. இந்த முறை நான் தலையைக் குனியவில்லை.

வாசலில் அழுது வீங்கிய கண்ணோடு நின்ற அந்தத் தாய், "இந்தக் குடத்தையோ தூக்கிக்கொண்டு வந்தனீங்கள், அக்கா?" என்றாள். பால் கரைத்துப் புட்டியை வாயில் வைத்ததும் அழுகை சட்டென்று நின்றது. குழந்தை மடக் மடக்கென்று குடித்த சத்தத்தைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது.

மூன்று நாள், நாளுக்கு இரண்டு நடை. என் குடத்திலிருந்து ஒரு சொட்டும் சிந்தவில்லை என்று இன்றும் பெருமையடித்துக்கொள்வேன். சாலையைத் திறந்துகொண்டு கவுன்சில் ஆட்கள் தண்ணீர் பாட்டிலோடு வந்தபோது எங்களிடம் இன்னும் ஒன்றரைக் குடம் மிச்சம் இருந்தது.

இப்போது பேரிடர் பெட்டியின் மேல் 'பொம்மைகளுக்கு அனுமதி இல்லை' என்று கணவர் எழுதி ஒட்டியிருக்கிறார். நானும் கை வைப்பதில்லை. மழை எச்சரிக்கை வந்தால் முதலில் பரணில் ஏறிக் குடத்தை இறக்குவது அவர்தான்.

லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடிய அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்ணை நினைத்து வெகுகாலம் வெட்கப்பட்டிருக்கிறேன். ஒரு குழந்தையின் அழுகை என் குடத்துத் தண்ணீரில் நின்ற அந்தக் காலையிலிருந்து, அவளை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கர்வமாகத்தான் இருக்கிறது.