பொட்டு வச்சாச்சு

பொட்டு மெக்கானிக்கைத் தெரியாது என்று ஒருவன் சொன்னால், அவன் அந்த ஊரில் நடந்தே போகிறவன் என்று அர்த்தம். மூன்றாம் வகுப்பில் பாதியிலேயே பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். எழுத்துக் கூட்டிக் கற்றதே உதிரிபாக டப்பாக்களின் மேல்தான். ஆனால் கம்ப்யூட்டர் வைத்து வண்டி பார்க்கிறவர்கள் கையை விரித்த எஞ்சினை எல்லாம், காதைச் சாய்த்துக் கேட்டே கோளாறைக் கண்டுபிடித்தவர். ஒற்றை ஸ்பேனரோடு ஆரம்பித்து நாற்பத்திரண்டு வருஷம். இன்றைக்கு இரண்டு ஷட்டர் போட்ட பட்டறை, சொந்தமாக ஒரு லேத், மாடியில் வீடு. யாரும் தூக்கிவிடவில்லை, தானே கையை ஊன்றி எழுந்த மனுஷன். அதை நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள அவர் கூச்சப்பட்டதும் இல்லை. எதற்குக் கூச்சப்பட வேண்டும்?

பொட்டு என்ற பேர் வந்தது அவர் வேலை செய்கிற விதத்தால். முதலில் போல்ட்டுகளை எல்லாம் ஒரு சுற்று திருகி உட்கார வைப்பார். அப்புறம் ஒவ்வொன்றாகக் கடைசி இறுக்கு. இறுக்கிய கையோடு அதன் தலையில் வெள்ளைப் பெயிண்ட்டால் சின்னதாக ஒரு பொட்டு. பொட்டு இல்லாத போல்ட்டோடு ஒரு வண்டி அந்தப் பட்டறையை விட்டு வெளியே போனதில்லை. "நான் பொட்டு வச்ச போல்ட்டு கழண்டதா சரித்திரமே கிடையாது" என்பார். கிடையாதுதான், அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

மூன்று கடை தள்ளி சலூன். சலூன்காரரும் இவரும் ஒரே வயசு, ஒரே அலைவரிசை. சலூன்காரர் ஆள் நெட்டை, பேச்சு கம்மி, ஆனால் பேசினால் கத்தி வைத்த மாதிரி இருக்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேரும் சேர்ந்து, ரோட்டிலும் ஓடி மலைப்பாதையிலும் ஏறுகிற உயரமான வண்டிகள் இரண்டைப் பழசாக வாங்கினார்கள். குமிழ் குமிழாக டயர், குதிரை மாதிரி சீட்டு. "அறுபது வயசுல ரெண்டு கிழட்டுக் கழுதைக்கும் குதிரை கேக்குது" என்று இரண்டு வீட்டம்மாக்களும் தலையில் அடித்துக்கொண்டார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு விடிகிற நேரத்தில் கிளம்பி, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்கள்.

கரடுமுரடான பாதையில் சீட்டில் உட்கார்ந்து ஓட்டினால் இடுப்பு எலும்பு கழன்றுவிடும். ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்றுதான் ஓட்ட வேண்டும். நெட்டை மனுஷன் நின்றால் ஹேண்டில்பார் எட்டாமல் கூன வேண்டியிருந்தது. அதனால் சனிக்கிழமை இவரே லேத்தில் இரண்டு அலுமினியக் கட்டை கடைந்து, ஹேண்டில்பாருக்கு அடியில் வைத்து இரண்டு அங்குலம் உயர்த்திக் கொடுத்தார். அதைப் பிடித்து வைப்பது நாலே நாலு போல்ட்டு.

ஞாயிறு காலையில் சலூன்காரர் வண்டி மேல் கால் போடும் முன் வழக்கம்போலக் கேட்டார்.

"பொட்டு வச்சாச்சா?"

"வச்சாச்சு. ஏறுடா."

தார் ரோடு ஒரு பழைய செக்போஸ்ட்டோடு முடிந்தது. அதற்கு மேல் சரளை, வண்டிச் சக்கரம் பதிந்த பள்ளம், குறுக்கே ஓடுகிற தண்ணீர். ஓடையில் இவர் வண்டி நடுவில் நின்றுபோய் முட்டி வரை நனைந்தபோது, அக்கரையில் நின்று சலூன்காரர் சிரித்தார்.

"என்ன மெக்கானிக்கு, தள்ளணுமா? நல்ல ஆளா ஒருத்தன் இருக்கான், நம்பர் தரவா?"

"உன் வண்டி ஒழுங்கா ஓடுதுல்ல? அது யாரு கைன்னு நினைச்சுப் பாரு, வாய் தானா மூடும்."

உச்சியில் ஒரு பாறை மேல் உட்கார்ந்து ஃபிளாஸ்க் டீயைக் குடித்தார்கள். சலூன்காரர் வலது கையை வெயிலில் நீட்டி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினார். நாலு மாதத்துக்கு முன் ஒரு காலை அந்த விரல்கள் மரத்துப்போய்க் கால் மணி நேரம் உயிரே இல்லாமல் கிடந்தன. கையை மடக்கிப் படுத்ததால் வந்தது, ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் தினமும் பத்துக் கழுத்தில் சவரக்கத்தி வைக்கிற கை அல்லவா? அந்தப் பயத்தை சலூன்காரர் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை, இவரிடம்தான் சொன்னார்.

"இன்னைக்கு விரல் சொன்ன பேச்சு கேக்குதுடா" என்றார். சின்னப் பிள்ளை மாதிரி முகம்.

இறக்கத்தில் சலூன்காரர் முன்னால், இவர் இருபது அடி பின்னால். இரண்டு பேரும் நின்றபடி. ஒரு வளைவு. மழைக்குச் சரிந்த கற்கள் பாதையில் கிடந்தன. சலூன்காரர் பிரேக் பிடித்தது இவருக்குத் தெரிந்தது, பின்விளக்கு எரிந்தது. அடுத்த நொடி, கையூன்றி நிற்கிறவன் முன்னாலிருந்து மேஜையை உருவியது போல அந்த நெட்டை உடம்பு முன்னால் சரிந்தது. வண்டி திரும்பவே இல்லை. நேராகப் போனது.

ஆளைக் காணவில்லை.

வண்டி பாதையின் விளிம்பில் சாய்ந்து, முன்சக்கரம் வெற்று வெளியில் தொங்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. ஓட்டியவன் இருந்த இடத்தில் புழுதிதான் இருந்தது.   மெக்கானிக் தன் வண்டியை எப்படி நிறுத்தினார், ஸ்டாண்ட் போட்டாரா, எதுவும் நினைவில்லை. விளிம்புக்கு ஓடி எட்டிப் பார்த்தார்.

எட்டடி கீழே ஒரு முள் புதர். புதருக்குள் சலூன்காரர் மல்லாந்து கிடந்தார். புதருக்கு அந்தப் பக்கம் தரை இல்லை, வானம்தான். எங்கோ ஆழத்தில் தண்ணீர் ஓடுகிற சத்தம்.

"டேய்! டேய், பேசுடா!"

"கத்தாத. காது நல்லாத்தான் இருக்கு."

தன் வண்டியில் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்து மரத்தில் கட்டி, மெக்கானிக் அவரை மேலே இழுத்துக்கொண்டுவந்தார். கன்னத்தில் கீறல், முழங்கையில் ரத்தம், ஹெல்மெட்டில் கோடு. எலும்பு எதுவும் போகவில்லை. இவர் அவரைத் தடவித் தடவிப் பார்த்தார். அவரோ தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை விட்டுருச்சுடா" என்றார். "பிரேக் பிடிச்சேன். கை அப்படியே கீழே போயிடுச்சு. எனக்குத் தெரியும்டா, என்னைக்காவது விட்டுரும்னு."

"சும்மா இரு. கல்லு வழுக்கியிருக்கும்."

"கல்லு இல்ல, கைதான்."

வண்டியையாவது இழுக்கலாம் என்று மெக்கானிக் போய் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தூக்கினார். அது அவர் கையில், கதவுக் கைப்பிடி மாதிரி லேசாகச் சுழன்றது.

குனிந்து பார்த்தார். நாலு போல்ட்டு. நாலு தலையிலும் நாலு வெள்ளைப் பொட்டு, அச்சில் வார்த்த மாதிரி, அவரையே முறைத்துக்கொண்டு. விரலால் ஒன்றைத் தொட்டார். விரலுக்கே திரும்பியது.

உச்சந்தலையில் அடித்த மாதிரி சனிக்கிழமை சாயங்காலம் ஞாபகத்துக்கு வந்தது. பட்டறைக்கு 'ரேடியோ' வந்திருந்தார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். காதில் விழுந்த எதுவும் சாப்பாட்டு நேரத்துக்குள் ஊரைச் சுற்றி வந்துவிடும் என்பதால் அந்தப் பேர். "அண்ணே, அந்தப் பொட்டு சூட்சுமத்தைக் கொஞ்சம் காட்டுங்களேன்" என்று கேட்டார். கேட்டால் போதாதா? ஒரு சுற்று திருகி மட்டும் வைத்திருந்த நாலு போல்ட்டிலும், "இந்த மாதிரி, கை நடுங்காம" என்று இவர் வரிசையாகப் பொட்டு வைத்துக் காட்டினார். ரேடியோ கைதட்டினார். பெருமையில் இவரும் பிரஷ்ஷைக் கழுவிவிட்டுக் கையைத் துடைத்தார். துடைத்துவிட்டு வண்டியைப் பார்த்தால் பொட்டு இருந்தது. பொட்டு இருந்தால் வேலை முடிந்தது. கடைசி இறுக்கு மட்டும் நடக்கவே இல்லை.

சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். வாயும் இருந்தது, ஆளும் எதிரில் இருந்தான். ஆனால் மெக்கானிக் சொன்னது இது:

"விழுந்த வேகத்துல ஹேண்டில் கொஞ்சம் திரும்பிடுச்சு. இரு, இறுக்கிடுறேன்."

ஒவ்வொரு போல்ட்டும் முழுசாக ஒரு சுற்று இறங்கியது.  சலூன்காரர் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நாளையிலேர்ந்து கத்தியைத் தொட மாட்டேன்" என்றார். "ஹேண்டிலை விட்டா நான் சாவேன், பரவால்ல. கத்தியை விட்டா இன்னொருத்தன்டா."

இறங்குகிற வழி முழுக்க மெக்கானிக் முன்னால் போகிற ஹேண்டில்பாரையே பார்த்துக்கொண்டு வந்தார். 

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே வீட்டம்மா எதிரில் வந்தார்.

"என்னங்க நடந்துச்சு? சலூன்காரண்ணன் வீட்டு அக்கா போன்ல அழறாங்க. கடையைக் குடுத்துடலாம்னு ஆள் பார்க்கச் சொல்லிட்டாராமே. கையில ஏதோ வியாதியாம்."

"வியாதி கையில இல்ல" என்று மட்டும் சொன்னார்.

"பின்ன எங்க?"

 தட்டில் வைத்தது தட்டிலேயே ஆறியது.

காலையில் ஏழரைக்குப் போனபோது சலூன் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே நுழைந்தார். சலூன்காரர் கத்திகளை ஒவ்வொன்றாகத் துடைத்து ஒரு துண்டில் சுருட்டிக்கொண்டிருந்தார். பெஞ்சில், யார் உட்கார்ந்திருக்கக் கூடாதோ அவரே உட்கார்ந்திருந்தார். ரேடியோ, கையில் பேப்பரோடு.

"நீங்களாவது சொல்லுங்கண்ணே" என்றார் ரேடியோ. "முப்பது வருஷமா இவர்கிட்டதான் முகத்தைக் குடுக்கிறேன். இன்னைக்கு மாட்டேங்கிறாரு."

மெக்கானிக் ரேடியோவைப் பார்த்தார். அவர் காதில் விழுந்தால் விஷயம் மத்தியானத்துக்குள் ஊரைச் சுற்றிப் பட்டறை வாசல் வரை வந்துவிடும். போய்விட்டு அப்புறம் வரலாம் என்று கால் சொன்னது. துண்டுக்குள் கடைசிக் கத்தி போனது.

"உன் கை விடலடா" என்றார். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "போல்ட்டு இறுக்கல. நாலும். இறுக்காமலே பொட்டு வச்சுட்டேன். இதோ இவருக்கு வித்தை காட்டினேன் பாரு, அப்ப. ஹேண்டில்தான் சுத்திக்கிச்சு. உன் கை கடைசி வரைக்கும் பிடிச்சுட்டுதான் இருந்துச்சு."

ரேடியோவின் பேப்பர் மெல்ல மடிக்கு இறங்கியது. வாய் திறந்தபடி இருந்தது.

 திட்டுவார், அடிப்பார் என்று மெக்கானிக் தயாராக நின்றார். சலூன்காரரோ துண்டை அவிழ்த்தார், ஒரு கத்தியை எடுத்தார், நாற்காலியைத் தட்டினார்.

"உட்காரு."

உட்கார்ந்தார். துணி கழுத்தைச் சுற்றியது. நுரை பூசி, தலையைப் பின்னால் சாய்த்து, குரல்வளைக்கு மேல் கத்தி வந்து நின்றது. நேற்று இவர் கொல்லப் பார்த்த ஆளின் கத்தி.

"மலையிலயே தெரியுமா உனக்கு?"

மெக்கானிக்கின் தலை அசையப் பார்த்தது.

"தலையாட்டாத, அறுத்துரும். ஆமான்னா கண்ணை மூடித் திற."

மெக்கானிக் கண்ணை மூடினார். திறப்பதற்கு நேரம் பிடித்தது.

கத்தி அங்கேயே நின்றது. 

"விடிய விடிய இந்தக் கையைப் பார்த்துட்டே உட்கார்ந்திருந்தேன்டா" என்றார் சலூன்காரர். அவ்வளவுதான். கத்தி மறுபடி நகர்ந்தது. சும்மா சொல்லக் கூடாது, வெண்ணெயில் போகிற மாதிரி போனது. நடுங்கியதெல்லாம் துணிக்கு அடியில் இருந்த இரண்டு கைகள்தான்.

முடித்ததும் ஈரத்துண்டால் துடைத்தார். எப்போதும்போலப் புறங்கையால் தாடையை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் தடவிப் பார்த்தார். ஓர் இடத்தில் நின்றது விரல். திரும்பவும் கத்தியை எடுத்து அந்த ஒரு முடியையும் வழித்தார். மறுபடி தடவினார். அப்புறம்தான் கிண்ணத்தில் மிச்சமிருந்த நுரையை ஒரு விரலில் தொட்டு, மெக்கானிக்கின் நெற்றி நடுவில் வைத்தார்.

"பொட்டு வச்சாச்சு. எழுந்திரு." பெஞ்சைப் பார்த்துத் திரும்பினார். "நீங்க வாங்க. ஷட்டரைத் தூக்கிட்டு வாங்க, வெளிச்சம் பத்தல."

ரேடியோ ஓடிப்போய் ஷட்டரைத் தூக்கினார். வெயில் உள்ளே பாய்ந்தது.

பட்டறைக்கு மூன்று கடை தூரம். நாற்பத்திரண்டு வருஷமாக நெஞ்சை நிமிர்த்தி நடந்த மூன்று கடை. பூட்டுக் கடைக்காரர் பார்த்தார், தையல்காரம்மா ஊசியை நிறுத்திப் பார்த்தார், "என்னண்ணே நெத்தியில?" என்று கேட்டார். மெக்கானிக் கையைத் தூக்கவும் இல்லை, நுரையைத் துடைக்கவும் இல்லை.